காத்திருக்கும் நேரமும் மூடும் முறையும்: ஒரு நெல் ஆலைச் சேர்வருக்கு எது பொருந்தும்?

சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு நெல் ஆலையை எடுத்துக்கொள்வோம். பெரும்போக அறுவடைக் காலம். வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகளும் லொறிகளும் வரிசையில் நிற்கின்றன. தராசில் ஏறும் ஒவ்வொரு சுமையின் எடை, ஈரப்பதம், விவசாயியின் இலக்கம் எல்லாம் ஒரு டேப்லெட்டில் பதியப்படுகின்றன. டேப்லெட் அவற்றைக் கைபேசி வலையமைப்பு வழியாக மட்டக்களப்பு நகரில் இருக்கும் சேர்வருக்கு அனுப்புகிறது. சேர்வர் ஏற்றுக்கொண்டதும் பற்றுச்சீட்டு அச்சாகிறது. கிழக்கில் கணினி படித்த எந்தப் பிள்ளையும் எழுதக்கூடிய மென்பொருள்தான் இது. ஆனால் அந்தச் சீட்டில்தான் ஒரு குடும்பத்தின் ஒரு போக வருமானம் இருக்கிறது. ஒரு பதிவு தொலைந்தாலும் தவறு, இரண்டு முறை ஏறினாலும் தவறு.

இதை எழுதும்போது இரண்டு கேள்விகள் வரும். சிக்னல் பாதியில் போனால் டேப்லெட் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? புதிய பதிப்பை ஏற்றுவதற்காகச் சேர்வரை நிறுத்தும்போது, அந்த நேரத்தில் உள்ளே வந்துகொண்டிருக்கும் பதிவுகளை என்ன செய்வது? முதல் கேள்விக்கு ஆப் எழுதுபவர் ஒரு பதில் போடுகிறார். இரண்டாவதற்குச் சேர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பதில் போடுகிறார். இருவரும் பெரும்பாலும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. இவை இரண்டும் ஒரே தீர்மானம் என்பதுதான் என் நிலைப்பாடு. ஒன்றின் எண் தெரியாமல் மற்றதற்கு எண் போட முடியாது.

முதலில் காத்திருப்பு. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

எதுவும் செய்யாமல் இயங்குதளத்தின் கையில் விடுவது முதலாவது வழி. பலர் இதைத் தெரிவு செய்வதில்லை, தானாகவே இதில் வந்து நிற்கிறார்கள். பைதன் நிரல் மொழியில் இணையக் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு நீங்கள் சொல்லாவிட்டால் டைம்அவுட்டே, அதாவது காத்திருப்புக்கான எல்லையே, இல்லை. கோ மொழியில் கோரிக்கை அனுப்பும் இயல்பான எச்டிடிபி கிளையண்டுக்கும், இணையும் கட்டம் தாண்டிய பிறகு, எல்லை இல்லை. அப்போது முடிவெடுப்பது இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கேர்னல். ஆண்ட்ரொய்டின் அடியிலும் லினக்ஸ்தான் இருக்கிறது என்பதால் டேப்லெட்டுக்கும் இதே கதைதான். கனெக்ஷன் கேட்டு அனுப்பும் முதல் பொதிக்கு (வலையமைப்பில் போகும் சிறு தரவுத் துண்டு) பதில் வராவிட்டால் கேர்னல் 6 முறை திரும்ப அனுப்பும். இடைவெளி கூடிக்கொண்டே போகும். கைவிடும்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கனெக்ஷன் கிடைத்து, தரவை அனுப்பிய பிறகு மறுபக்கம் மௌனமானால் 15 முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதற்குக் கிட்டத்தட்ட 924 செக்கன், அதாவது கால் மணி நேரத்துக்கும் மேல்.

இதைவிட மோசம், அனுப்ப எதுவும் இல்லாமல் வாசிக்கக் காத்திருக்கும் பக்கம். டேப்லெட் பாதிப் பதிவை அனுப்பிவிட்டுச் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போய்விட்டது என்று வையுங்கள். சேர்வருக்கு மூடும் பொதியும் வராது, பிழைச் செய்தியும் வராது. இணையக் கனெக்ஷன்களை ஆளும் டிசிபி விதிகளின்படி மௌனமாக இருக்கும் ஒரு கனெக்ஷனுக்கு ஆயுள் எல்லை கிடையாது. மறுபக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் என்ற சோதனையை இயக்கினாலும், லினக்ஸில் முதல் சோதனைப் பொதி 7200 செக்கனுக்குப் பிறகுதான் போகும். அதன்பின் 75 செக்கன் இடைவெளியில் 9 முறை. மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 செக்கன். அதற்குள் தராசில் எத்தனை சுமைகள் ஏறி இறங்கியிருக்கும்!

இந்த எண்களைப் போட்டவர்கள் யோசிக்காமல் போடவில்லை. 1981இல் டிசிபி வரையறுக்கப்பட்டபோது, நடுவழியில் ஒரு பாதை கொஞ்ச நேரம் அறுந்து மீண்டால் கனெக்ஷனும் சேர்ந்து மீள வேண்டும் என்பதே நோக்கம். தூரத்துக் கணினியில் நீண்ட நேரம் வேலை செய்பவருக்கு அது இன்றும் நல்லதுதான். கைபேசி வலையமைப்பில் நிலைமை வேறு. நடுவில் இருக்கும் முகவரி மாற்றும் கருவி, மௌனமாக இருக்கும் கனெக்ஷனைத் தன் பட்டியலில் இருந்து அழித்துவிடும். குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2008இல் வந்த ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. பல கைபேசி வலையமைப்புகள் அதைவிடச் சீக்கிரமே மறந்துவிடுகின்றன. ஆகவே மௌனமான கனெக்ஷன் மீண்டு வரும் என்று காத்திருப்பதில் பயன் குறைவு. நெல் ஆலைக்கு இந்த வழி சரிவராது.

இதே இடத்தில் சேர்வர் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. பதிவை முழுதாக வாசிக்குமுன்பே டேட்டாபேஸ் கனெக்ஷனை எடுத்து வைத்துக்கொள்ளும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இயல்பாக 100 கனெக்ஷன் வரைதான் அனுமதிக்கும். சிக்னல் போன டேப்லெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கனெக்ஷனைப் பிடித்து வைத்துக்கொண்டால், நல்ல சிக்னல் உள்ள ஆலைகளும் சேர்ந்து நின்றுபோகும். முழுப் பதிவும் கைக்கு வந்த பிறகு டேட்டாபேஸைத் தொடுங்கள். டைம்அவுட் எண்ணைத் திருத்துவதைவிட இந்த ஒரு மாற்றம் கூடுதல் பலன் தரும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி டைம்அவுட். இணைய இவ்வளவு, எழுத இவ்வளவு, வாசிக்க இவ்வளவு. ஆண்ட்ரொய்டில் பரவலாகப் பாவிக்கப்படும் ஓகேஎச்டிடிபி நூலகம் இணைய, வாசிக்க, எழுத என்று மூன்றுக்கும் தலா 10 செக்கன் இயல்பாகத் தருகிறது. நல்ல தொடக்கம். இணைவதில் தோற்றதா, பதிலுக்குக் காத்திருந்ததில் தோற்றதா என்று பிரித்தறியலாம். இந்தப் பிரிவு உண்மையிலேயே பயனுள்ளது. இணையவே முடியாவிட்டால் சேர்வர் அந்தப் பதிவைப் பார்க்கவில்லை என்பது நிச்சயம், தயங்காமல் திரும்ப அனுப்பலாம். அனுப்பிய பின் பதில் வராவிட்டால் அந்த நிச்சயம் இல்லை.

குறை எங்கே என்றால், இந்த எண்களைக் கூட்டினால் மொத்த நேரம் வராது. வாசிக்கும் டைம்அவுட் என்பது முழுப் பதிலுக்கான நேரம் அல்ல, இரண்டு துண்டுகளுக்கு இடையிலான மௌனத்துக்கான நேரம். 9 செக்கனுக்கு ஒரு முறை ஒரு பைட் வந்தால் 10 செக்கன் டைம்அவுட் ஒருபோதும் அடிக்காது. பலவீனமான சிக்னலில் இப்படிச் சொட்டுச் சொட்டாக வருவது கற்பனை அல்ல. மேலும், சேர்வர் பெயருக்கு இரண்டு மூன்று முகவரிகள் இருந்தால் இணையும் டைம்அவுட் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓடும். அதன்மேல் மூன்று முறை முயலச் சொல்லும் நிரலும் சேர்ந்தால், 10 செக்கன் என்று நினைத்தது ஒன்றரை நிமிடமாகும். தராசடியில் நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் திரையில் சுற்றும் வட்டம் மட்டும்தான். அவர் பொத்தானை மறுபடி அழுத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, முழு வேலைக்கும் ஒரே கெடு. பொத்தானை அழுத்திய கணத்தில் இருந்து 20 செக்கன் என்று வைத்துக்கொண்டால், பெயரைத் தேடுவது, இணைவது, அனுப்புவது, திரும்ப முயல்வது, பதிலை வாசிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஓகேஎச்டிடிபியில் இதற்கெனக் கோல்டைம்அவுட் என்ற அமைப்பு உண்டு. ஆனால் அதன் இயல்பான மதிப்பு பூச்சியம், அதாவது எல்லை இல்லை. நீங்களாகப் போட வேண்டும். கோ மொழியில் கொன்டெக்ஸ்ட் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. நிரல்கள் வலையமைப்பு வழியாக ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி இன்னும் ஒரு படி போய், மிஞ்சியிருக்கும் நேரத்தைக் கோரிக்கையோடு சேர்வருக்கும் சொல்லிவிடுகிறது. அப்போது சேர்வர், கேட்டவர் போய்விட்ட பிறகும் வேலை செய்துகொண்டிருக்காது.

இங்கே ஒரு நுணுக்கம் நம் ஊருக்கு முக்கியம். கெடுவை அனுப்பும்போது இத்தனை மணிக்குள் என்று அனுப்பாதீர்கள், இன்னும் இத்தனை மில்லிசெக்கன் என்று அனுப்புங்கள். ஆலையில் கிடக்கும் டேப்லெட்டின் கடிகாரம் சில நிமிடங்கள் முன்பின் இருப்பது வழமை. மணியை அனுப்பினால் வந்து சேரும்போதே கெடு முடிந்த கோரிக்கையாகத் தெரியும். ஜிஆர்பிசியும் மிஞ்சிய நேரத்தைத்தான் அனுப்புகிறது.

என் தெரிவு மூன்றாவது வழி. ஆனால் அதற்குள் இரண்டாவதன் இணையும் டைம்அவுட்டையும் வைத்துக்கொள்வேன். மொத்தம் 20 செக்கன், இணைய மட்டும் 5 செக்கன். இணைவதிலேயே 20 செக்கனும் கரைந்துவிடாமல் இருக்க இது உதவும். 20 என்பது எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல. காத்தான்குடியில் நல்ல சிக்னல் உள்ள கடைக்கு 8 போதும். பொத்துவில் பக்கம் வயலோரமாக இருக்கும் கொள்வனவு இடத்துக்கு 20ம் போதாமல் போகலாம். ஒரு வாரம் உண்மையான நேரங்களைப் பதிந்து, நூறு பதிவுகளில் மிக மெதுவான ஒன்று எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே வையுங்கள்.

எந்த டைம்அவுட்டும் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாது: பதிவு ஏறியதா, இல்லையா? பதில் வராததற்குக் காரணம் கோரிக்கை போகாததாகவும் இருக்கலாம், பதிவு ஏறிய பின் பதில் வழியில் தொலைந்ததாகவும் இருக்கலாம். டேப்லெட்டில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு சுமைக்கும், பொத்தான் அழுத்தப்படுமுன்பே, டேப்லெட்டே தனித்துவமான ஓர் இலக்கத்தை உருவாக்க வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே இலக்கம்தான் போக வேண்டும். டேட்டாபேஸில் அந்த இலக்கத்துக்கு ஒரே இலக்கத்தை இரண்டு முறை ஏறவிடாத யுனீக் கட்டுப்பாடு இருந்தால், இரண்டாம் முறை வரும்போது புதிதாகப் பதியாமல் பழைய பற்றுச்சீட்டையே திருப்பிக் கொடுக்கலாம். இது இல்லாமல் டைம்அவுட்டைக் குறைப்பது ஆபத்து. குறைத்த அளவுக்கு இரட்டைப் பதிவு கூடும்.

சரி, இனி மூடும் பக்கம். இங்கேயும் மூன்று வழிகள்.

சட்டென்று நிறுத்துவது ஒன்று. இதற்கு ஆதரவாக ஒரு பலமான வாதம் உண்டு. 2003இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் காண்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும் அதை முன்வைத்தார்கள். மென்பொருள் எப்படியும் ஒரு நாள் விழத்தான் போகிறது, விழுந்து எழும் வழி நன்றாக இருந்தால் மூடுவதற்குத் தனி வழி எதற்கு என்பது அதன் சாரம். வடகீழ்ப் பருவக்காற்று மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இருப்பவர்களுக்கு இதன் நியாயம் உடனே புரியும். யுபிஎஸ் பற்றரி தீர்ந்தால் சேர்வருக்கு யாரும் அறிவித்தல் கொடுப்பதில்லை. ஆகவே விழுந்தாலும் கணக்கு கெடாத நிலை முதலில் வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. மேலே சொன்ன இலக்கமும், பதிந்து முடித்த பின்பே சரி என்று பதில் சொல்லும் ஒழுங்கும் அதைத் தருகின்றன. ஆனால் அது போதும் என்று நிறுத்திவிட எனக்கு மனமில்லை. ஒவ்வொரு முறை பதிப்பு மாற்றும்போதும் தராசடியில் நிற்கும் சிலருக்குப் பிழைச் செய்தி காட்டுவது தேவையில்லாத தொந்தரவு. தவிர்க்க முடியாத விழுகை வேறு, நாமே நேரம் பார்த்துச் செய்யும் நிறுத்தம் வேறு.

மறுமுனையில், எல்லோரும் முடிக்கும்வரை எல்லையின்றிக் காத்திருக்கும் வழி. போஸ்ட்கிரெஸில் ஸ்மார்ட் என்ற பெயரில் இது இருக்கிறது. கடைசிக் கிளையண்டும் தானாகப் போகும்வரை டேட்டாபேஸ் நிற்காது. பயன்பாட்டில் இது அடிக்கடி நிற்காமலே போவதால், 9.5ஆம் பதிப்பில் இருந்து நிறுத்தும் கட்டளையின் இயல்பு ஃபாஸ்ட் என்று மாற்றப்பட்டது. ஜாவாஸ்கிரிப்டில் சேர்வர் எழுதப் பாவிக்கப்படும் நோட் ஜேஎஸ்ஸிலும் இதே சிக்கல் நெடுநாள் இருந்தது. 19ஆம் பதிப்புக்கு முன், சேர்வரை மூடச் சொன்னால் அடுத்த கோரிக்கைக்காகச் சும்மா திறந்து கிடக்கும் கனெக்ஷன்களும் முடியும்வரை அது காத்திருக்கும். சிக்னல் போன ஒரு டேப்லெட் முழுச் சேர்வரையும் பிடித்து வைத்திருக்க முடியும் என்பதால் இந்த வழியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நடுவழி, எல்லையோடு வடியவிடுவது. நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனால் வரிசை தவறினால் பலன் இல்லை. நிறுத்தும்படி சிக்டேர்ம் சமிக்ஞை வந்ததும் புதிய கனெக்ஷன் எடுப்பதை நிறுத்த வேண்டும். சும்மா கிடக்கும் கனெக்ஷன்களை மூட வேண்டும். வேலை நடந்துகொண்டிருப்பவற்றுக்கு முடிக்க நேரம் கொடுத்து, பதிலோடு இனி இந்தக் கனெக்ஷனைப் பாவிக்காதே என்றும் சொல்லிவிட வேண்டும். எச்டிடிபி 1.1இல் அதற்குக் கனெக்ஷன் குளோஸ் தலைப்பு, எச்டிடிபி 2இல் கோஅவே என்ற செய்தி. எல்லாம் வடிந்த பின்பே டேட்டாபேஸ் கனெக்ஷன்களை மூட வேண்டும். இந்தக் கடைசிப் படியை முதலில் செய்துவிடும் நிரல்கள் நிறைய. அப்போது நடந்துகொண்டிருந்த பதிவுகள் எல்லாம் கடைசிக் கணத்தில் டேட்டாபேஸ் இல்லை என்று தோற்கும்.

கோ மொழியில் 1.8ஆம் பதிப்பில் இருந்து ஷட்டவுன் என்ற செயற்பாடு இதைச் செய்கிறது. அதை அழைத்தவுடன், சேர்வரை ஓட்டிக்கொண்டிருந்த அழைப்பு அந்தக் கணமே திரும்பிவிடும். நிரலின் தொடக்கச் செயற்பாடான மெயின் அங்கேயே முடிந்தால் நிரலும் முடிந்துவிடும், வடிவதற்கு நேரமே கிடைக்காது. மெயின் காத்திருக்க வேண்டியது ஷட்டவுன் திரும்புவதற்காக. தவிர, இருபக்கமும் செய்தி அனுப்பத் தொடர்ந்து திறந்திருக்கும் வெப்சொக்கெட்டாக மாறிய கனெக்ஷன்களை ஷட்டவுன் கண்டுகொள்ளாது. ஆலைகளுக்கு நெல் விலையை உடனுக்குடன் காட்டும் திரை ஒன்று வைத்திருந்தால், அவற்றுக்கு 1001 என்ற குறியீட்டோடு மூடும் செய்தியை நீங்களே அனுப்ப வேண்டும். டேப்லெட்டுகள் எல்லாம் ஒரே செக்கனில் திரும்ப வந்து மோதாமல், சில செக்கன் தற்செயலாகத் தள்ளி வரும்படியும் செய்யுங்கள்.

கனெக்ஷனை மூடும் முறையிலும் கவனம் வேண்டும். வாசிக்காத தரவு உள்ளே கிடக்கும்போது சொக்கெட்டை (கனெக்ஷனின் நம் பக்க முனை) மூடினால், லினக்ஸ் முடிந்தது என்று சொல்லும் மரியாதையான ஃபின் பொதிக்குப் பதிலாக, உடனே அறுக்கும் ரீசெட் பொதியை அனுப்பும். ரீசெட் போய்ச் சேர்ந்தால், டேப்லெட் இன்னும் வாசிக்காத பதில்கூடத் தொலைந்துபோகலாம். அதாவது பதிவு ஏறி, சரி என்ற பதிலும் அனுப்பப்பட்டு, கடைசியில் ஆலையில் பிழைச் செய்தி தெரியும். சரியான முறை, எழுதும் பக்கத்தை மட்டும் முதலில் மூடி, மறுபக்கம் மூடும்வரை ஒரு சிறு எல்லைக்குள் வாசித்து எறிந்துவிட்டு, பிறகு முழுதாக மூடுவது. சேர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ், லிங்கரிங் குளோஸ் என்ற பெயரில் இதைத்தான் செய்கிறது. முன்னால் என்ஜின்எக்ஸை வைத்தால் இந்த வேலையில் பெரும்பகுதி உங்கள் தலையில் விழாது. சிறிய குழுவுக்கு அதுவே நல்ல காரணம்.

இனி இரண்டையும் சேர்க்கும் கணக்கு. சேர்வர் ஒரு பதிவுக்கு எடுத்துக்கொள்ளும் உச்ச நேரம் டேப்லெட்டின் கெடுவைவிடக் குறைய இருக்க வேண்டும். வடியவிடும் எல்லை அந்த உச்ச நேரத்தைவிடக் கூட இருக்க வேண்டும். நிற்காத நிரலைக் கொல்லும் மேற்பார்வை மென்பொருளின் எல்லை வடியவிடும் எல்லையைவிடக் கூட இருக்க வேண்டும். டேப்லெட் 20, சேர்வர் வேலை 15, வடிதல் 20, கொல்லுதல் 30 என்று வைத்தால் எதுவும் எதையும் வெட்டாது. இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டால் வெட்டும். நிரல்களைக் கொள்கலன் என்ற தனிச் சூழலில் ஓட்டும் டொக்கரின் ஸ்டொப் கட்டளை இயல்பாக 10 செக்கன்தான் கொடுக்கும், பிறகு நிரல் மறுக்க முடியாத சிக்கில் சமிக்ஞை போட்டுக் கொன்றுவிடும். 15 செக்கன் வேலைக்கு அது போதாது. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி பொதுவாக 90 செக்கன் தருகிறது, தாராளம். பல கணினிகளில் கொள்கலன்களை நடத்தும் குபர்நெட்டீஸ் 30 தருகிறது, ஆனால் நிறுத்துமுன் ஓடும் ஆயத்தப் படியும் அந்த 30க்குள்தான். ஒரு மாவட்டத்து ஆலைகளுக்குக் குபர்நெட்டீஸ் வேண்டியதில்லை, ஒரு சேர்வரும் சிஸ்டம்டியும் போதும் என்பது என் எண்ணம். டொக்கர்தான் என்றால் எல்லையைக் கூட்டுவதோடு, உங்கள் நிரல் கொள்கலனின் முதல் புரொசஸாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். கட்டளைகளை ஓட்டும் ஷெல் வழியாகத் தொடங்கினால் சிக்டேர்ம் ஷெல்லோடு நின்றுபோகலாம். நீங்கள் அழகாக எழுதிய மூடும் பகுதி ஒரு முறைகூட ஓடியிருக்காது.

இப்படிப்பட்டவை நிரலை வாசித்துப் பார்ப்பதில் பிடிபடுவதில்லை, செய்து பார்க்கத்தான் வேண்டும். லினக்ஸின் பொதி வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் டேப்லெட்டின் பொதிகளை டிராப் செய்தால், அதாவது சத்தமில்லாமல் எறிந்தால், கல்லடிப் பக்கம் சிக்னல் போனது போன்ற மௌனம் கிடைக்கும். ரிஜெக்ட் செய்தால் உடனே பிழை வரும், அது வேறு சோதனை, அதை மட்டும் செய்துவிட்டு டைம்அவுட் வேலை செய்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. பிறகு ஒரு பதிவு பாதியில் இருக்கும்போது சிக்டேர்ம் அனுப்பிப் பாருங்கள், பற்றுச்சீட்டு வர வேண்டும். அதே இடத்தில் சிக்கில் அனுப்பிப் பாருங்கள், பற்றுச்சீட்டு வராது, ஆனால் சேர்வர் எழுந்த பின் டேப்லெட் அதே இலக்கத்தோடு திரும்ப அனுப்பியதும் டேட்டாபேஸில் அந்தச் சுமைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் அறுவடை தொடங்குமுன், மார்கழியிலேயே, ஆலையின் உண்மையான டேப்லெட்டை வைத்துச் செய்துவிடுங்கள்.